கிறிஸ்தவ அறவியலை எங்கே தொடங்குவது: ஐந்து அடித்தளங்களும் ஒரு வட்டிக் கணக்கும்

சபையில் மதிப்புள்ள ஒருவர். காணிக்கை தவறாது, தசமபாகமும் உண்டு. அதே ஆள் தெருவில் நாலு பேருக்கு மூணு வட்டிக்குப் பணம் கொடுத்திருக்கிறார். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வருடத்துக்கு 36 சதவீதம். இது சரியா?

இந்தக் கேள்வியை ஆராதனை முடிந்து வெளியே நிற்கும் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். ஒருவர் வசனம் சொல்வார். இன்னொருவர், சும்மா கிடக்கிற பணத்துக்கு எதற்கு வாடகை என்று நியாயம் பேசுவார். மூன்றாமவர், அவசரத்துக்கு உதவுகிறாரே, அதைப் பார்க்க வேண்டாமா என்பார். நாலாவது ஆள், அந்தத் தொழில் மனுஷனைக் கெடுத்துவிடும் என்பார். கடன் வாங்கியவரும் பக்கத்தில்தான் நிற்பார். அவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

கிறிஸ்தவ அறவியல் என்ற படிப்பு ஏறக்குறைய இந்தக் கூட்டம்தான். செய்யலாம், செய்யக்கூடாது என்று பட்டியல் போடுவது அதன் வேலையில் சிறு பகுதி. செய்யக்கூடாது என்று சொல்ல உனக்கு என்ன ஆதாரம் என்று கேட்பதுதான் பெரிய பகுதி. அந்த ஆதாரத்தை எங்கே தேடுவது என்பதில் ஐந்து பெரிய வழிகள் இருக்கின்றன. புதிதாகப் படிக்க வருகிறவர், அவர் குருமட மாணவராக இருந்தாலும் வீட்டில் வேதபாட வட்டம் நடத்துகிறவராக இருந்தாலும், ஏதாவது ஒன்றில் தொடங்கியாக வேண்டும். தொடங்கும் இடம் பல வருடங்களுக்கு ஆளை விடாது என்பதால் கொஞ்சம் யோசித்தே தேர்ந்தெடுக்கலாம்.

ஐந்தையும் வட்டியை வைத்தே ஒப்பிடுகிறேன். கருக்கலைப்பு, போர், மரண தண்டனை என்று சூடான தலைப்புகள் இருக்கும்போது வட்டி எதற்கு என்று கேட்கலாம். திருச்சபை இதைப் பற்றி 1,700 வருடமாகச் சண்டை போட்டிருக்கிறது. கி.பி. 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கமே தன் 17-ஆம் விதியில், வட்டி வாங்கும் குருமாரைப் பதவியிலிருந்து நீக்கச் சொன்னது. அந்த விதி பெயர் சொல்லிக் குறிப்பிடும் வட்டி நூற்றுக்கு ஒன்று, மாதத்துக்கு. நம் ஊர்க் கணக்கில் ‘ஒரு வட்டி’. இன்றைக்கு அதை யாரும் அநியாயம் என்று சொல்ல மாட்டார்கள். இவ்வளவு நீண்ட வழக்கு என்பதால் ஒவ்வொரு வழியும் எங்கே நின்றது, எங்கே சறுக்கியது என்பது வெளிப்படையாகத் தெரிகிறது.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கப் பக்கத்தில் அது பாவசங்கீர்த்தனம் என்ற, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் வழக்கத்தின் தொட்டிலில் வளர்ந்தது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் வருடத்துக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேட்கிற குருவுக்குப் பாவங்களை எடைபோடத் தெரிய வேண்டுமே! அதிலிருந்து கையேடுகள் வந்தன. சீர்திருத்தச் சபைகளில், சீர்திருத்தத் தலைவர் கால்வினின் வழிவந்த லாம்பர்ட் தானோ 1577-இல் ‘கிறிஸ்தவ அறவியல்’ என்ற பெயரிலேயே லத்தீனில் நூல் எழுதினார். கத்தோலிக்கர் இன்றும் பெரும்பாலும் அறநெறி இறையியல் என்பார்கள், மற்றவர்கள் அறவியல் என்பார்கள். பெயரைத் தாண்டியும் வித்தியாசம் உண்டு, அது போகப் போகத் தெரியும்.

வசனத்தில் தொடங்குவது

சபைப் பின்னணியிலிருந்து வருகிறவர்களுக்கு இதுதான் இயல்பான வழி. தேவன் கட்டளையிட்டிருக்கிறார், நாம் கீழ்ப்படிகிறோம். வட்டி விஷயத்தில் கட்டளைக்குப் பஞ்சமே இல்லை. யாத்திராகமம் 22:25 ஏழைக்குக் கொடுத்த கடனில் வட்டி வாங்காதே என்கிறது. அதை ஒட்டியே, அடகாக வாங்கிய போர்வையைப் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு, அவனுக்குப் போர்த்திக்கொள்ள அது ஒன்றுதானே இருக்கிறது என்கிறது. சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வரியைப் படிக்கும்போது மனசு நின்றுவிடுகிறது.

சரி, மேலே போனால் சிக்கல். உபாகமம் 23 சகோதரனிடம் வட்டி வாங்காதே, அந்நியனிடம் வாங்கலாம் என்கிறது. லூக்கா 6:35 திரும்ப எதையும் எதிர்பாராமல் கடன் கொடுங்கள் என்கிறது. மத்தேயு 25-இல் தாலந்து உவமையின் எஜமான், பணத்தைக் காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியாவது வந்திருக்குமே என்று ஊழியக்காரனைத் திட்டுகிறான். எல்லாம் ஒரே வேதாகமம்.

வேதம் மட்டுமே என்று ஒரே குரலில் சொன்ன சீர்திருத்தத் தலைவர்கள் இருவர் இங்கே எப்படிப் பிரிந்தார்கள் என்று பாருங்கள். லூத்தர் 1524-இல் வணிகத்தையும் வட்டியையும் கடுமையாகத் தாக்கி எழுதினார். 1540-இல் போதகர்கள் பிரசங்க பீடத்திலிருந்தே வட்டிக்கு எதிராகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஐந்து வருடம் கழித்து, 1545-இல், கால்வின் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதுகிறார். மோசேயின் சட்டம் அந்தக் காலத்து இஸ்ரவேலின் ஆட்சிமுறையோடு சேர்ந்தது, அதை அப்படியே நம் மேல் ஏற்ற முடியாது. லூக்காவின் வசனம் திருப்பித் தர முடியாத ஏழைக்குக் கொடுப்பதைப் பற்றியது. ஆகவே வட்டி முழுவதும் பாவம் என்று சொல்ல வசன ஆதாரம் இல்லை. இதுதான் அவர் வாதம். கூடவே நிபந்தனைகளையும் அடுக்குகிறார்: ஏழையிடம் வாங்காதே, கடன் வாங்கியவனுக்கும் அந்தப் பணத்தால் லாபம் இருக்க வேண்டும், உனக்குப் பிறர் செய்ய வேண்டும் என்று விரும்புவதையே நீ அவனுக்குச் செய். வட்டியையே பிழைப்பாக நடத்துவதை அவர் ஏற்கவில்லை. நம் மூணு வட்டிக்காரர் கால்வினைத் துணைக்கு அழைக்க முடியாது.

இந்த வழியின் பலம் தெரிய வேண்டுமானால் 1934 ஜெர்மனிக்குப் போக வேண்டும். ஹிட்லரை ஆதரித்த ‘ஜெர்மன் கிறிஸ்தவர்கள்’ இனமும் தேசமும் தேவன் படைப்பிலேயே வைத்த ஒழுங்குகள் என்றார்கள். ஊர் முழுக்க அதுதான் பொது அறிவாக ஆகிக்கொண்டிருந்தது. அவர்களை எதிர்த்த சபையினர் அந்த வருடம் மே மாதம் வெளியிட்ட பார்மன் அறிக்கையைப் பெரும்பாலும் எழுதியவர் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த். இயேசு கிறிஸ்து என்ற ஒரே வார்த்தைக்குத்தான் நாங்கள் செவிகொடுப்போம் என்பது அதன் சாரம். இயற்கையிலிருந்தும் கொஞ்சம் கற்கலாமே என்ற தன் நண்பர் எமில் புருன்னருக்கு அதே வருடம் பார்த் கொடுத்த பதிலின் தலைப்பு ஒரே சொல்: ‘இல்லை!’. ஊரே ஒருபக்கம் சாயும்போது ஊருக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தாக வேண்டும். கட்டளை அந்தக் குரல்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தேவன் இந்த நேரத்தில் இன்னதைக் கட்டளையிடுகிறார் என்று ஒருவர் சொன்னால் அதை எப்படிச் சோதிப்பது? பார்த் இதற்கு நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார், அவர் எதையும் சுருக்கமாக எழுதியவர் இல்லை. ஆனால் அந்தப் பதிலைப் படிக்காமலே அந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டால், “கர்த்தர் எனக்குச் சொன்னார்” என்று ஆரம்பிக்கும் பேச்சுக்கு முன் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். நம் சபைகளில் நிலம் வாங்குவது முதல் கல்யாணம் முடிப்பது வரை அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இயற்கைச் சட்டத்தில் தொடங்குவது

நியாயப்பிரமாணம், அதாவது மோசேயின் சட்டம், இல்லாத புறஜாதியாரும் அதன் செய்கையைத் தங்கள் இருதயத்தில் எழுதப்பட்டதாகக் காட்டுகிறார்கள் என்று பவுல் ரோமர் 2-இல் சொல்கிறார். இயற்கைச் சட்ட மரபு அந்த இடத்தில் நின்று பேசுகிறது. தேவன் மனிதனைப் படைத்தார், அவனுக்கு அறிவையும் கொடுத்தார், அந்த அறிவைக்கொண்டு நன்மை எது என்று கணிசமான அளவு கண்டுபிடிக்கலாம். புறமதத்தவன், யூதன், முஸ்லிம் எல்லோரோடும் உட்கார்ந்து பேசலாம்.

இந்த மரபின் பெரிய பெயர் தாமஸ் அக்குவினாஸ் (1225–1274). நன்மையைச் செய், தீமையைத் தவிர் என்பது அவருடைய முதல் விதி. இவ்வளவுதானா என்று தோன்றும். கீழே இறங்க இறங்கத்தான் கவனிக்க வேண்டியது வருகிறது. விதி எவ்வளவு குறிப்பாகிறதோ அவ்வளவு விதிவிலக்கும் வரும் என்கிறார். நம்பி ஒப்படைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதை வாங்கித் தாய்நாட்டையே தாக்கப் போகிறவன் கேட்டால்? கொடுக்கக்கூடாது. சட்டத்தை நேசிக்கிறவர் அதன் எல்லையையும் தானே சொல்லிவிடுகிறார்.

வட்டியைப் பற்றிய அவருடைய வாதம் பிரபலம். வீட்டை வாடகைக்கு விடலாம், ஏனென்றால் வீட்டைப் பயன்படுத்திய பிறகும் வீடு மிஞ்சும். திராட்சரசத்தைப் பயன்படுத்துவது என்றால் குடித்துத் தீர்ப்பது. ரசத்துக்கு ஒரு விலை, அதைக் குடிப்பதற்குத் தனியாக ஒரு விலை என்று கேட்டால் இல்லாத ஒன்றை விற்கிறாய். பணமும் அப்படித்தான், செலவழிப்பதுதான் அதன் பயன். ஆகவே வட்டி என்பது இல்லாததற்கு வாங்கும் காசு. கொடுத்ததால் தனக்கு நஷ்டம் வந்தால் ஈடு கேட்டு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று அனுமதிக்கிறார். கிடைத்திருக்கக்கூடிய லாபத்துக்காகக் கேட்பதை அனுமதிக்கவில்லை, ஏனென்றால் அது இன்னும் கையில் இல்லாத லாபம். வியாபாரத்தில் பங்காளியாகப் பணம் போட்டு ஆபத்தையும் சுமந்தால் லாபத்தில் பங்கு வாங்குவது நியாயம். வேறு வழியில்லாமல் வட்டிக்கு வாங்குகிறவன் பாவம் செய்யவில்லை என்பதையும் தனியாக எடுத்துச் சொல்கிறார். எழுநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு துறவிக்கு இவ்வளவு கணக்கு தெரிந்திருக்கிறது.

இந்த வாதம் பின்னால் உடைந்தது. கடன் பெரும்பாலும் பசிக்கு வாங்கும் கடனாக இருந்த காலம் போய் வியாபாரக் கடன் பெருகியது. கையில் இருக்கும் காசைக் கடனாகக் கொடுத்துவிட்டால் ஒரு வணிகன் உண்மையிலேயே லாபத்தை இழந்தான். ‘இன்னும் கையில் இல்லாத லாபம்’ என்ற பதில் அவனிடம் செல்லவில்லை. 1462-இல் இத்தாலியின் பெருஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கான அடகுக்கடை ஒன்று தொடங்கியது. அதை நடத்தும் செலவுக்காக ஒரு சிறு தொகை வாங்கலாமா என்று ஐம்பது வருடம் சண்டை நடந்து, 1515-இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் வாங்கலாம் என்றது. கால்வின் தன் கடிதத்தில் நேராகவே கேட்டுவிட்டார்: பணம் பணத்தைப் பெறாது என்கிறீர்களே, வீட்டு வாடகை மட்டும் என்ன, சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் முளைக்கிறதா? 1745-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் கடனுக்காகவே வட்டி வாங்குவது பாவம் என்று திரும்பவும் உறுதிசெய்தார், வேறு நியாயமான காரணங்களுக்காகக் கூடுதல் தொகை வாங்கலாம் என்று கதவையும் திறந்து வைத்தார். 1830-க்குப் பிறகு மிதமான வட்டி வாங்குகிறவர்களைப் பாவசங்கீர்த்தனத்தில் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ரோமே சொல்லிவிட்டது.

இதை இந்த வழியின் தோல்வி என்று சிலர் எழுதுவார்கள். என் பார்வை வேறு. உடைந்த ஒவ்வொரு இடமும் கண்ணுக்குத் தெரிகிறது, விரல் வைத்துக் காட்ட முடிகிறது. அக்குவினாஸ் எழுதும் முறையே அதற்கு உதவுகிறது. ஒவ்வொரு கேள்வியிலும் தனக்கு எதிரான வாதங்களைத்தான் முதலில் வரிசையாக வைப்பார், அப்புறம்தான் தன் முடிவு, அதற்கப்புறம் ஒவ்வொரு எதிர்வாதத்துக்கும் பதில். மறுக்க வருகிறவனுக்கு அவரே இடம் போட்டுக் கொடுக்கிறார்.

ஆனால் இந்த வழிக்கு ஒரு இருட்டான பக்கம் உண்டு, தமிழ் மண்ணில் அதை மறைக்க முடியாது. வழக்கத்தை இயற்கை என்று நினைத்துவிடுவது. இத்தாலிய சேசுசபைக் குரு ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக அடையாளங்கள், மத அடையாளங்கள் அல்ல என்று வாதிட்டார். 1623-இல் போப் பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அவற்றை அனுமதித்தார். வேட்டி கட்டுவதும் சந்தனம் பூசுவதும் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அதே ‘சமூக வழக்கம்’ என்ற அறைக்குள் சாதிப் பிரிவினையும் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. உயர்த்தப்பட்ட சாதிகளுக்கு ஒரு வகை குரு, தாழ்த்தப்பட்டவர்களுக்கு வேறு வகை குரு என்று மிஷனே பிரிந்தது. 1744-இல் வந்த ஒரு போப்பாணை ஒடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்கும் போகத்தான் வேண்டும் என்று குருமாரிடம் வற்புறுத்த வேண்டியிருந்தது. அதைப் பிறப்பித்தவர் வட்டியைப் பற்றி மறுவருடம் எழுதிய அதே பதினான்காம் பெனடிக்ட். கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் நிற்கிற ஊர்களில் அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. 1934-இல் பார்த் எதைக் கண்டு பயந்தாரோ, அதை நாம் மூன்று நூற்றாண்டு முன்பே நடத்திப் பார்த்திருக்கிறோம்.

அன்பு ஒன்றே போதும் என்பது

இதற்கு அதிக நேரம் தேவையில்லை. அமெரிக்க எப்பிஸ்கோப்பல் குருவான ஜோசப் பிளெட்சர் 1966-இல் இதைப் பிரபலமாக்கினார். எந்த விதியும் முழுமையானது இல்லை, அன்பு மட்டுமே முழுமையானது, சூழ்நிலையைப் பார்த்து அன்பு எதைக் கேட்கிறதோ அதைச் செய். ரோம் இந்தப் போக்கை அதற்குப் பத்து வருடம் முன்பே கண்டித்திருந்தது. வாசிக்க விறுவிறுப்பாக இருக்கும், கல்லூரி மாணவர்களுக்குப் பிடிக்கும்.

வட்டியில் வைத்துப் பார்த்தால் உடனே ஓட்டை தெரியும். நள்ளிரவில் ஆபரேஷனுக்குப் பணம் வேண்டும். வங்கி கொடுக்காது, சொந்தக்காரன் கதவைத் திறக்க மாட்டான். மூணு வட்டிக்காரர்தான் கொடுக்கிறார். அன்பு என்ன சொல்லும்? கொடு என்று சொல்லும். எத்தனை வட்டிக்கு என்று சொல்லாது. அதைக் கொடுக்கிறவரே முடிவு செய்வார், தன் அன்பை அவரே அளந்தும் கொள்வார். இந்த வழியில் படிப்பைத் தொடங்க வேண்டாம் என்பது என் முடிவு. மற்ற வழிகளில் விதி இறுகிப்போன இடத்தில் எடுத்துப் படித்தால் பயன் உண்டு.

ஆளை உருவாக்குவது

என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வியை விட, எப்படிப்பட்ட ஆளாக ஆகிறோம் என்ற கேள்வியில் தொடங்குகிறவர்கள் இவர்கள். அரிஸ்டாட்டில் காலத்துப் பழைய யோசனை. 1981-இல் மெய்யியலாளர் அலஸ்டைர் மெக்கின்டயர் அதற்குப் புத்துயிர் கொடுத்தார், இறையியலாளர் ஸ்டான்லி ஹாவர்வாஸ் அதைச் சபைக்குள் கொண்டுவந்தார். தினசரி வாழ்க்கையில் பெரிய தர்மசங்கடங்கள் அபூர்வம், அதனால் சபையின் ஜெபமும் பந்தியும் மன்னிப்பும் மெல்ல மெல்ல ஆளை வடிவமைப்பதுதான் அறம் என்பது வாதம்.

வட்டி விஷயத்தில் இவர்கள் கேட்பது ஒரு நல்ல கேள்வி. மாதாமாதம் நோட்டில் பெயர் எழுதி வைக்கிறவரின் கண் எப்படி ஆகிறது? பக்கத்து வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதலில் அவருக்கு என்ன நினைவு வருகிறது? துக்கமா, தவணையா? சதவீதத்தை எவ்வளவு குறைத்தாலும் இந்தக் கேள்வி போகாது. கால்வினும் இதைத் தொட்டிருக்கிறார், அதனால்தான் வட்டியையே தொழிலாக வைத்துக்கொள்ளாதே என்றார்.

தடுமாற்றம் எங்கே என்றால், ஆளை உருவாக்கும் சமூகமே கெட்டிருந்தால் என்ன செய்வது? இந்த வட்டாரத்தில் ஹாவர்வாஸே பெரிதும் கற்றுக்கொண்டவர், போரை மறுக்கும் மென்னோனைட் சபையின் இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடர். அகிம்சையைப் பற்றி அவர் எழுதியது உலகம் முழுக்கப் பாடமானது. அவர் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களிடம் அத்துமீறியிருந்தார் என்பதும், அவர் கற்பித்த நிறுவனத்தார் நீண்ட காலம் அதை வெளியே விடாமல் கையாண்டார்கள் என்பதும் அவர் இறந்து பல வருடம் கழித்து, 2015-இல், மென்னோனைட் சபையே கேட்டு நடத்திய ஆய்வில் முழுமையாக வெளிவந்தது. சபையே அறப்பள்ளி என்றால், பள்ளியின் மேல் யாரிடம் புகார் கொடுப்பது? நம் ஊரில் இதே கேள்வி சாதியாக வரும். ஒரு ஊர்ச் சபை பிள்ளைகளுக்கு ஜெபத்தையும் கற்றுக்கொடுக்கிறது, யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறது.

கடன்பட்டவர் பக்கத்திலிருந்து

கடன் வாங்கியவரை யாரும் கேட்கவில்லை என்று சொன்னேன் அல்லவா? அவரிடமிருந்து தொடங்குவது ஐந்தாவது வழி. 1968-இல் கொலம்பியாவின் மெதெயினில் லத்தீன் அமெரிக்க ஆயர்கள் கூடி வறுமையை அநீதி என்று பெயர் சொல்லி அழைத்தார்கள். 1971-இல் பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியெரெஸ் அதை விடுதலை இறையியல் என்று நூலாக்கினார். 1984-இல் ரோம் இதன் மார்க்சியச் சாயலை எச்சரித்தது, 1986-இல் விடுதலை என்ற கருத்தையே சற்றுப் பரிவோடு எடுத்துப் பேசியது. இந்தியாவில் 1981-இல் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை தலித் இறையியலின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. பிறகு அவர் சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கென்றே அமைந்த துறைக்குத் தலைமை ஏற்றார்.

இவர்கள் வட்டி வாங்கலாமா என்று கேட்பதில்லை. இவன் ஏன் கடன் வாங்க நேர்ந்தது என்று கேட்பார்கள். கூலி ஏன் போதவில்லை, வங்கி ஏன் கொடுக்கவில்லை, நிலம் யாரிடம் போனது. அவர்கள் கையில் நெகேமியா 5 புதிதாகப் படிக்கக் கிடைக்கிறது. பஞ்ச காலம், ராஜாவுக்கு வரி கட்ட வேண்டும். வயலையும் திராட்சத் தோட்டத்தையும் அடகு வைத்தாயிற்று, பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்கும் நிலை. ஜனங்களும் அவர்கள் பெண்களும் கூக்குரலிடுகிறார்கள். அதைக் கேட்டு யூதேயாவின் ஆளுநரான நெகேமியா பெரியவர்களைக் கூட்டி, வாங்கிய நிலத்தையும் நூற்றுக்கு ஒன்று என்று தண்டிய வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறார். தானும் கடன் கொடுத்தவர்களில் ஒருவர் என்பதால் ‘விட்டுவிடுவோம்’ என்று தன்னையும் சேர்த்துத்தான் பேசுகிறார்.

தமிழ்நாட்டில் கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003-இல் வந்தது. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகள் உட்பட, தீயில் மாண்டது. சட்டம் வந்து 14 வருடம் ஆகியிருந்தது. கடன் கொடுக்கிறவனின் மனசாட்சியை மட்டும் வைத்துப் பேசும் எந்த அறவியலும் இந்த இடத்தில் போதாது என்று இந்த வழிக்காரர்கள் சொல்வது எனக்கு மறுக்க முடியாததாகத் தெரிகிறது.

அவர்களுடைய படம் சில சமயம் தடித்த கோடுகளில் இருக்கிறது என்பதும் உண்மை. ஒடுக்குகிறவன், ஒடுக்கப்பட்டவன் என்று இரண்டு பக்கம். எங்கள் பக்கத்துத் தெருக்களில் வட்டிக்கு விடுகிறவர்களில் கணவனை இழந்த பெண்களும் உண்டு. பிராவிடண்ட் ஃபண்ட் பணத்தை ரெண்டு வட்டிக்குக் கொடுத்து அந்தக் காசில் சாப்பிடுகிறவர்கள். அப்படி ஒரு பெண் எந்தப் பக்கம்? அவருக்கு என்ன சொல்வது? அந்த இடத்தில் திரும்பவும் அக்குவினாஸின் நஷ்ட ஈட்டுக் கணக்கும் கால்வினின் நிபந்தனைகளும் தேவைப்படுகின்றன.

அப்படியானால் எதை எடுப்பது

எல்லாவற்றையும் கலந்துகொள்ளலாமே என்று ஒரு பதில் தயாராக இருக்கும். மெதடிஸ்ட் வட்டாரத்தில் வேதம், மரபு, பகுத்தறிவு, அனுபவம் என்று நான்கு ஊற்றுகளைச் சொல்வார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பெயரில் அது வழங்கினாலும், அவர் எழுத்திலிருந்து அப்படித் தொகுத்துப் பெயரிட்டவர் இருபதாம் நூற்றாண்டின் ஆல்பர்ட் அவுட்லர். முதிர்ந்தவர்களுக்கு அது நல்ல வரைபடம். புதிதாகத் தொடங்குகிறவர் கையில் கொடுத்தால், எது தனக்கு வசதியோ அதை மேலே வைத்துக்கொள்வார். வசனம் இடித்தால் அனுபவம், அனுபவம் இடித்தால் மரபு.

ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்று என்னைக் கேட்டால் இயற்கைச் சட்டத்தில் தொடங்குங்கள் என்பேன். வேதபாட வட்டங்களிலேயே வளர்ந்த ஒரு சபைக்காரன் இதைச் சொல்வது சிலருக்கு விசித்திரமாக இருக்கும். அது சரியான வழி என்பதால் சொல்லவில்லை, ஐந்தில் அதிகமாக மறுக்கப்பட்டது அதுதான். ஆனால் தன் காரணங்களை வெளியே எழுதிக் காட்டுகிற வழி அது. தவறினால் எங்கே தவறியது என்று மாணவனே கண்டுபிடிக்கலாம். கட்டளையில் தொடங்கினால் கீழ்ப்படிதலா இல்லையா என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. ஆளை உருவாக்கும் நற்பண்பில் தொடங்க நம்பிக்கையான ஒரு சமூகம் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். இன்னொன்று, நம் மாணவரின் பக்கத்து வீட்டுக்காரர் பெரும்பாலும் கிறிஸ்தவர் இல்லை. வட்டி கொடுமை என்று அவருக்கும் விளங்கும்படி பேச வேண்டியிருக்கிறது, பஞ்சாயத்திலும் காவல் நிலையத்திலும் வசனம் எண் சொல்லிப் பயனில்லை.

ஆனால் அங்கேயே குடியிருந்துவிடக்கூடாது. ‘இது இயற்கை’ என்ற சொல் வாதத்தில் எங்கே வருகிறதோ அங்கே, யாருடைய வழக்கம் இது என்று கேட்கிற பழக்கம் முதல் வாரமே வர வேண்டும். அதற்குத்தான் ஐந்தாவது வழி. ஆகவே இரண்டாவதை அடுத்து ஐந்தாவது, அப்புறம் முதலாவது, நாலாவது, கடைசியாக மூன்றாவது.

எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தாது. சமூகப் பணியில், சுய உதவிக் குழுக்களோடு ஏற்கெனவே வேலை செய்கிறவர் ஐந்தாவதில்தான் நிற்கிறார், அங்கேயே தொடங்கட்டும். அவருக்கு அடுத்து வேண்டியது அக்குவினாஸ், ஏனென்றால் கோபம் கைவசம் நிறைய இருக்கிறது, வாதம்தான் குறைகிறது. இறையியல் கல்லூரியில் சேருகிறவருக்குப் பாடத்திட்டமே வரிசையை முடிவு செய்துவிடும், அவர் தன் சபை மரபுக்கு எதிர்ப்பக்கத்து ஆளைத் தனியாக எடுத்துப் படித்தால் போதும்: லூத்தரன் மாணவர் அக்குவினாஸை, கத்தோலிக்கர் பார்த்தை. பெந்தெகொஸ்தே பின்னணியிலிருந்து வருகிறவருக்கும் என் பரிந்துரை இயற்கைச் சட்டம்தான். சற்று முரண்டு பிடிப்பார், அந்த முரண்டே அவருக்கு நல்ல பாடம்.

புத்தகச் செலவும் பெரிதாக இல்லை. அக்குவினாஸின் பெரிய இறையியல் தொகுப்பில் வட்டியைப் பற்றிய கேள்வி நான்கே பகுதிகள். கால்வினின் கடிதம் சில பக்கங்கள். நெகேமியா 5-இல் 19 வசனங்கள். ஒரு குழு மாலை நேரத்தில் உட்கார்ந்து மூன்றையும் சத்தமாக வாசித்துவிடலாம். சபைப் பொருளாளரையும் அழைத்து, வைப்பு நிதியில் கிடக்கும் சபைப் பணத்தின் கணக்கை எடுத்துவரச் சொல்லுங்கள். அதற்கு வருகிற வட்டியை அக்குவினாஸ் ஏற்பாரா, கால்வின் ஏற்பாரா என்று தொடங்கினால் முதல் கூட்டம் நேரத்துக்கு முடியாது.